சந்தனம் பூசிய கதவு

என் அன்பு மனைவிக்கு,

உன் கரும்பு வயலை விற்று நான் வாங்கவிருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை நேற்று கள்ளக்குறிச்சியில் போய்ப் பார்த்தேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. கரியாலூர் மலைப்பாதை வளைவுகளில் அதை ஓட்டிப் போவதாகக் கற்பனை செய்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

விற்பவர் ஜெயப்பிரகாஷ், பக்திமான். எல்லோரும் வண்டியின் முன்பக்கம் பொட்டு வைப்பார்கள். இவர் இடது கதவின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தார்.

காந்தம் ஒட்டாத இடத்தில் துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி என்னும் பசை பூசி மறைத்திருப்பார்கள் என்று, தியாகதுருகத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் உன் அண்ணன் சொன்னதை நீ கோபித்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னாய். நான் சிரித்தேன். ஆனாலும் நேற்று ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்துப் போயிருந்தேன். கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தேன்.

"இன்னா சார், சாமி பொட்டப் போய் தொடைக்கிறீங்க?" என்றார்.

"எங்க வூட்டு சாமி கோவிச்சுக்கினு தியாகதுருகம் போயிருக்குதுங்க. அதான் தொடைக்கச் சொல்லுச்சு."

காந்தம் கதவெங்கும் ஒட்டியது. சந்தனம் இருந்த இடத்தில் மட்டும் பொத்தென்று கீழே விழுந்தது. அவ்வளவு இனிய ஓசையை நான் கேட்டதில்லை. தலை நிமிர்ந்து பஸ்ஸில் வீடு வந்தேன். வயல் உன்னுடையதாகவே இருக்கிறது. அண்ணனிடமும் சொல்.

காந்தத்தை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். அதன் அடியில் நீ செருகிவிட்டுப் போன துண்டுச்சீட்டை மட்டும் மறுபடி ஒட்டவில்லை. "காரா நானா, முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று எழுதியிருந்தாய். முடிவு பண்ணிவிட்டேன்; கூப்பிடுகிறேன்.

நீ ஜெயித்ததில் பெருமைப்படும்
உன் கணவன்