பாலிஷ் போட்ட சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சைக்கிளில் போன என் வீட்டுக்காரர் அரை மணியில் அதைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். முழங்கையில் சிராய்ப்பு. சரிவில் பிரேக்கை எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லையாம். வேலியில் போய் மோதியிருக்கிறார். "கேபிள் போன மாசம்தான் மாத்தினேன். பிரேக்ல ஒண்ணும் இல்ல. என் கையிலதான் பிடி இல்ல."

மார்ச் 4

இந்த வயதில் அந்த ஒல்லி டயர் சைக்கிள் வேண்டாம் என்று நான் கத்தாத நாளில்லை. விற்றுவிடலாம் என்று இன்று அவரே சொன்னார். அப்பாடா.

மார்ச் 6, வெள்ளி

சைக்கிளை நகர்த்தும்போது சக்கர விளிம்பில் விரல் வழுக்கியது. முகர்ந்தேன். மேசைக்குப் போடும் பாலிஷ்! திங்கட்கிழமை வீடு துடைத்தபோது சக்கரமும் பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் தேய்த்தேன். பிரேக் கட்டை கவ்வுகிற இடமே அதுதான் என்று இப்போது புரிகிறது. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 7

சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சரிவில் இறங்குவார். வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைப்பது தப்பா?

மார்ச் 10

அவர் கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். "மேடம், சார் ஒரு வாரமா யாருக்கும் பல்லே பிடுங்கறதில்ல. எல்லாரையும் ஜூனியர் டாக்டர்கிட்ட அனுப்பிடறார். உடம்புக்கு ஏதாவதா?"

சாப்பிடும்போது கவனித்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். "அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். மாமனாருக்குக் கடைசிவரை கை நடுக்கம். நரம்பு டாக்டரிடம் போகப் போகிறாராம்.

முப்பது வருஷமா பல்லு பிடுங்கற கை. அதப் போய்... நான் என்ன பொம்பள?

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன். சைக்கிளிடம் கூட்டிப்போய் விளிம்பைத் தொடச் சொன்னேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 13

காபியை அவரே போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மார்ச் 15, ஞாயிறு

புது பிரேக் கட்டை மாட்டிவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் துடைக்கட்டுமா?"

"நீ துடைச்ச வரைக்கும் போதும்."

சரிவில் இறங்கினார். வாசலிலிருந்து பார்த்தேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. திருப்பத்தில் பிரேக் பிடித்தார், கப்பென்று நின்றது. இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17

நர்ஸ் மறுபடி போன். "மேடம், சார் இன்னிக்கு ஒரு கடவாய்ப்பல் எடுத்தார். ஒரே இழுப்பு!" சமையலறையிலேயே அழுதேன்.

கிளினிக்கில் ஈ பறந்தால்கூட வந்து என்னிடம் சொல்கிற மனிதர். இன்று சாப்பிடும்போது எதிரிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.