பிரஷிலிருந்து உதிர்ந்த கம்பி

ஐப்பசி 3, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். அருவிக்குக் கூட்டம் குறைச்சல். கடை வாசலில் கிரில் அடுப்புக்கு மேல தார்ப்பாய் கட்டியாச்சு. வாங்க வேண்டியது: கரி, எலுமிச்சை, அடுப்பு தேய்க்கிற கம்பி பிரஷ். இருக்கிறது பாதி மொட்டை, தேய்க்கத் தேய்க்கக் கம்பி உதிருது. இன்னைக்கு ஒரு நாள் ஓட்டலாம்னு அதை வச்சே அடுப்புக் கம்பி வலையைத் தேய்ச்சேன். துணியால துடைக்கலை.

மத்தியானம் கெங்குவார்பட்டியிலிருந்து அக்கா, மச்சான், அவுக மக மலர். முதல் கோழித் துண்டு அக்காவுக்கு. தொண்டையில ஏதோ குத்துதுன்னு சொல்லுச்சு. எலும்புன்னு நினைச்சு, சோத்தை உருட்டி மெல்லாம விழுங்கச் சொன்னேன். மூணு உருண்டை. சரியாப் போச்சுன்னு பஸ் ஏறுச்சு.

ஐப்பசி 5, செவ்வாய்
நல்ல மழை. மச்சான் போன். அக்காவுக்கு வயித்து வலி, வாந்தி. வாயுக் கோளாறுன்னு ஊர் டாக்டர் மாத்திரை குடுத்தாகளாம்.

போனை வச்சதும் அடுப்பு வலையைத் தடவிப் பார்த்தேன். ஓரத்துல ரெண்டு கம்பி, மயிர் கனம், கரியோட ஒட்டிக்கிட்டு. என் வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். கடை பேர் போயிரும், வாயைத் திறக்காதேன்னாக. திறக்கலை.

ஐப்பசி 6, புதன்
தேனி ஆஸ்பத்திரி. அக்காவுக்குக் காய்ச்சல், வயிறு கல்லு மாதிரி. ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சு. சின்னக் கம்பி, குடலைக் குத்தி உள்ளே சீழ். உடனே ஆபரேஷன். கிரில் தேய்க்கிற பிரஷ் கம்பியாத்தான் இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாக. நேத்தே தெரிஞ்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதாம்.

மச்சான் என் பக்கம் திரும்பினாக.

"பிரஷ் புதுசுதானே, செல்வி?"

"புதுசுதான் மச்சான்."

ஐப்பசி 9, சனி
ரெண்டாவது ஆபரேஷனும் முடிஞ்சது. விஷம் ரத்தத்துல ஏறிருச்சாம். கிட்னி வேலை செய்யலை. டாக்டரம்மா கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறாக.

அஞ்சு நிமிஷம் உள்ளே விட்டாக. அக்கா காதுகிட்டக் குனிஞ்சு எல்லாத்தையும் சொன்னேன். மொட்டை பிரஷ். சோத்து உருண்டை. செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும்ங்கிறது. கேட்டுக்கிட்டே படுத்திருந்துச்சு. திட்டும்னு நினைச்சேன். திட்டியிருக்கலாம்.

"மச்சான்கிட்ட சொல்லிராத. பெறகு மலரை உன்கிட்ட விடமாட்டாக."

அவ்வளவுதான் பேசுச்சு.

ஐப்பசி 11, திங்கள்
வெயில். காலையில ஆறு மணிக்கு அக்கா போயிருச்சு. மச்சான் போன்ல அழுதாக. நேத்தே மலரை இங்கன கொண்டாந்து விட்டிருந்தாக. அவகிட்ட நீதான் பக்குவமாச் சொல்லணும், உன்னை விட்டா அவளுக்கு யாருன்னாக.

இன்னும் சொல்லலை. குளிச்சுட்டு வந்து, தலை பின்னிவிடச் சொல்லி எனக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கா.