காய்ந்த ஓலையில் மட்டும்

ஜூன் 3

காலையிலேயே வெயில். மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் பஸ். வழியில் இறங்கி ஏரிக்கரை வரை நடை. ரோடு அகலமாக்க அங்கே 41 பனைகளை வெட்டப் போகிறார்கள். வெட்டுமுன் பறவைக் கூடுகளை எண்ணித் தருவது என் வேலை. ரோடு போடும் கம்பெனியில் மூன்று மாத ஒப்பந்தம். விலங்கியல் படித்ததற்குக் கிடைத்தது இது.

பனை உழவாரன் (இனி ப.உ.). உள்ளங்கையில் அடங்கும். கவட்டை வால். அத்தனை வேகத்தில் பைனாகுலர் பிடித்துப் பயனில்லை. பறந்தபடியே பூச்சி, பறந்தபடியே தண்ணீர். குட்டைக் கால், தரையில் விழுந்தால் எழுவது கஷ்டம்.

கூடுள்ள மரம்: 17.

மரம் ஏறும் ஏழுமலை மாமா கீழே நின்று பார்த்தார்.

"இன்னாப்பா, குருவிக்கு ரேஷன் கார்டு போடுறியா?"

"கூடு எண்ணுறேன் மாமா."

"இதே ரோட்டுக்கு எங்க வூட்ட இடிச்சாங்க. ஒருத்தனும் வந்து எண்ணல."

அடுத்த மரத்துக்கு நகர்ந்தேன்.

ஜூன் 5

மேகம். மழை இல்லை. அறிக்கை அனுப்பியாயிற்று. ப.உ. இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஓலையில் ஒட்டிக் கூடு கட்டும். முட்டையையும் ஒட்டிவிடும், காற்றில் விழாது. அறிக்கையின் கடைசி இரண்டு வரி எனக்கே பிடித்தது: 'கூடுகள் எல்லாம் தொங்கும் காய்ந்த ஓலைகளில் மட்டுமே. குஞ்சுகள் பறக்கும்வரை வெட்டுவதை இரண்டு மாதம் தள்ளிவைக்க வேண்டும்.'

மேலாளர் போன்: "சூப்பர்பா. அந்தக் காஞ்ச ஓலை பாயின்ட் ரொம்ப யூஸ்ஃபுல்."

டீக்கடையில் பஜ்ஜி இரண்டு ஜாஸ்தியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 9

சோப்பு. ரீஃபில். செருப்பு தைக்க.

மேலாளர்: நாளைக்கு மறுபடி எண்ண வேண்டுமாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 10

காற்றே இல்லை. 41 பனையிலும் காய்ந்த ஓலை ஒன்றில்லை. உச்சியில் பச்சை மட்டும். கூடுள்ள மரத்தை வெட்டத்தான் அனுமதி வேண்டும். ஓலை கழிக்க அனுமதி தேவையில்லையாம்.

"நீதான் எழுதிக் குடுத்தியாமே," என்றார் ஏழுமலை மாமா. "சூப்பர்வைசர் பேப்பர வச்சிக்கினு நின்னான். காஞ்சத மட்டும் எறக்குன்னான். கூலிக்கு ஏறனேன். எனுக்கு இன்னா தெரியும்?"

"எனக்கும் தெரியல மாமா."

"படிச்சவன்தான நீ?"

குவியலில் ஓர் ஓலையைப் புரட்டினேன். கூடு. இரண்டு முட்டை, ஒட்டியபடியே. உடையவில்லை. மேலே ப.உ.க்கள் அந்த ஓலைகள் இருந்த உயரத்துக்கு வந்து வந்து திரும்பின.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. செருப்பு வார் அறுந்தது மட்டும் தெரிந்தது.

மேலாளர் போன்: "உள்ளத உள்ளபடி எழுது தம்பி. பொய் எழுதச் சொல்லல."

ஒரு மரம் விடாமல் அண்ணாந்து பார்த்தேன். படிவத்தில் மரங்களுக்குத்தான் கட்டம். தரையில் கிடப்பதற்கு இல்லை.

கூடுள்ள மரம்: 0.

கையெழுத்துப் போட்டேன்.