நடு நாற்காலியில் இருந்த தொப்பி

அன்பு மகள் கார்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கப்பாவும் மாடுகளும் இரண்டு நாய்களும் சுகமாக இருக்கிறோம். உங்கப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருமுன் முனகுகிறது, அது பழைய பாட்டுதான். நீ அங்கே ஜெர்மனியில் ராணுவ ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. போனில் உன் குரல் கம்மியிருந்தது. "ஜூலியன் வந்துட்டுப் போனானே, என்னம்மா ஆச்சு? அவனைக் கேட்டா சிரிக்கிறான், அப்பாவைக் கேட்டா 'ம்'ங்கிறார்" என்றாய். நம் வீட்டு லைன் பாதிப் பேச்சில் அறுந்துவிடும், இது பாதியில் நிறுத்துகிற கதை இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அடுப்பில் பீன்ஸ் ஏறியிருக்கிறது, வேகும்வரை எனக்கு நேரம் உண்டு.

சிகாகோ பையன் ஜூலியனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து உங்கப்பா அவன் பெயரை வாயால் சொன்னதில்லை, "அந்த மாடிவீட்டுக்காரன்" என்பார். மகள் இனிமேல் நம் டெக்சாஸ் பண்ணைக்குத் திரும்ப மாட்டாள் என்கிற வருத்தம் அவருக்கு, அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்வான்? இந்த நிலையில் ஏப்ரலில் புயல் வந்தது. உன்னிடம் "கொஞ்சம் காத்து" என்றுதான் சொன்னோம். உண்மையில் வைக்கோல் கொட்டகை முழுதும் போய்விட்டது, கூரையில் பாதி பக்கத்துப் பண்ணை வெண்டெல் வயலில் கிடந்தது. பாஸ்டர் டியூயி எத்தனையோ தடவை உங்கப்பாவிடம் வந்து, "ஆர்லோ, நீ ஒரு வார்த்தை சொல்லு, தொப்பியைச் சுத்தி விடுறேன், ஒரே சனிக்கிழமையில எழுப்பிடலாம்" என்றார். நம் சபையில் காணிக்கைத் தட்டு வராது, மனமுள்ளவர்கள் வாசலில் இருக்கும் பழைய பூட்ஸில் போட்டுவிட்டுப் போவார்கள். தொப்பி சுற்றி வந்தால் யாரோ ஒருவர் வீட்டில் கஷ்டம், அவர்களுக்கு உதவி திரட்டுகிறோம் என்று அர்த்தம். உங்கப்பாவோ "எனக்கு இன்னும் ரெண்டு கையும் இருக்கு" என்று அவரை அனுப்பிவிட்டார். கை இருந்தது, முழங்கால்தான் இல்லை. குளிருக்குள் கொட்டகை எழும்பாவிட்டால் வைக்கோல் நனைந்து அழுகும், மாடுகளை வந்த விலைக்குத் தள்ள வேண்டும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அழுது ஜெபித்தேன் கண்ணே, அவருக்குத் தெரியாமல்.

ஜூலியன் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தான். வாடகைக்கு எடுத்த சின்னக் கார், நம் சரளைப் பாதையில் அது குலுங்கி வந்ததைப் பார்த்து நாய்களே குரைக்க மறந்துவிட்டன. நீ ஊரில் இல்லாதபோது தனியாக வந்து பெரியவர்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அந்தக் குணத்துக்கே அவனை எனக்குப் பிடித்துவிட்டது. உங்கப்பா சாப்பாட்டு மேசையில் அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "அந்தத் தம்பிகிட்டச் சொல்லு, கறி ஆறுது" என்கிறார். அவன் என்னைப் பார்த்து, "சார்கிட்டச் சொல்லுங்க அத்தை, ரொம்ப நல்லாயிருக்கு" என்கிறான். எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் மூன்று பேரும் சபைக்குப் போனோம். நம் கௌபாய் சபை அவன் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ என்று எனக்கு ஒரே கவலை. கன்றுக்குக் கயிறு வீசும் மணல் களத்தில் மடக்கு நாற்காலிகள், வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைகள், சாண வாசனை. வெண்டெல் மனைவி ஓபல் வாசலிலேயே அவனைக் கட்டிப்பிடித்து, "யார் பெத்த புள்ளையோ, எலும்பும் தோலுமா இருக்கு" என்று கையில் காப்பியைத் திணித்தாள். அவன் மணலைப் பார்த்துத் தயங்கி நின்றதும், "ஷூ அழுக்காகும்னு பாக்குறியா தம்பி? இங்க சுத்தமான ஷூவைப் பாத்தாத்தான் சந்தேகப்படுவோம்" என்றாள். பத்துப் பேர் கை குலுக்கினார்கள், ஒருவர்கூட என்ன சம்பாதிக்கிறாய் என்று கேட்கவில்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் உட்காரும்போது உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா, தனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு நாற்காலியை விட்டு, அதில் தன் தொப்பியை வாய் மேலே பார்க்க வைத்துவிட்டார், வேலி போட்ட மாதிரி. சபையே பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிறகு ஜெபம். டியூயி கண்ணை மூடினால், திறப்பதற்குள் ஒரு பசு கன்று போட்டு நக்கித் துடைத்தும் முடித்துவிடும், உனக்குத் தெரியாததா. உங்கப்பா முதல் வார்த்தையிலேயே கண்ணை இறுக்கிக்கொண்டார். ஜூலியன் லேசாகக் கண் திறந்தான், பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு ஒரு தொப்பி. அவன் ஊர்ச் சபையில் தட்டு சுற்றி வருமாம், இங்கே தட்டுக்குப் பதில் தொப்பி, அதற்காகத்தான் உங்கப்பா நடுவில் வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். ஒரு நோட்டை எடுத்துப் பயபக்தியோடு உள்ளே வைத்து, அந்தப் பக்கம் இருந்த ஓபலிடம் நீட்டிவிட்டான். விளிம்பில் காளை கிழித்த ஓட்டையோடு இருக்கும் அந்தத் தொப்பி யாருடையது என்று இந்த வட்டாரத்துக்கே தெரியும். ஓபல் தொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முன்கூட்டியே ஒரு ஆமென் சொன்னேன். தொப்பி வரிசை வரிசையாகப் போகிறது, உள்ளே என்னென்னவோ விழுகிற சத்தம் கேட்கிறது. நான் ஓரக்கண்ணால் பார்க்கிறேன், அந்த டியூயி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு ஜெபத்தை இழுத்தார் பார், பக்கத்து மாவட்டத்து வியாதிக்காரர்கள், கவர்னர், கவர்னருடைய குதிரைகள் என்று ஒருவரையும் விடவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது, உங்கப்பா நான் அழுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தார்!

உங்கப்பா ஆமென் சொல்லிக் கையை நீட்டினால் நாற்காலியில் தொப்பி இல்லை. பின்னாலிருந்து யாரோ அவர் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். நோட்டுகள், ஒரு கைப்பிடிக் கூரை ஆணி, ஒற்றைக் கையுறை, "தகரம் என்கிட்ட இருக்கு, வந்து எடுத்துக்கோ" என்று ஒரு துண்டுச் சீட்டு, வெண்டெலின் டிராக்டர் சாவி, எந்தக் குழந்தையோ போட்ட தலைக் கிளிப் ஒன்று. உங்கப்பா முகம் செங்கல் நிறமாகிவிட்டது. "யார் வேலை இது?" என்றார். ஜூலியன் எழுந்து நின்று, "நான்தான் சார். காணிக்கைன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றான், காதுமடல் எல்லாம் சிவப்பு. உங்கப்பா எழுந்து போய்விடுவார், கொட்டகையும் போயிற்று, உன் கல்யாணமும் போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது டியூயி மேடையிலிருந்து, "ஆர்லோ, நாங்க அஞ்சு மாசமா கெஞ்சி நடக்காததை ஊர் தெரியாத புள்ள ஒரே ஜெபத்துல நடத்திட்டான். வேணாம்னா ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே போய்த் திருப்பிக் குடு" என்றார். பின்வரிசையிலிருந்து வெண்டெல், "என்கிட்ட வராதே, எனக்குக் காது கேக்காது" என்றான். சபை கொல்லென்று சிரித்தது.

உங்கப்பா சிரிக்கவில்லை. தொப்பிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் தடவையாக ஜூலியனை நேராகப் பார்த்து, "சுத்தியல் பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார். "இல்ல சார்." "தெரியும்னு அளக்காம விட்டியே, அதுவரைக்கும் சரி" என்றார். தொப்பி நிறைந்திருந்ததால் போட்டுக்கொள்ள முடியவில்லை, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நம் டெக்சாஸ் வெயிலில் வெறுந்தலையோடு வண்டிவரை நடந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை கார்லின். பின்னால் நடந்த எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

ஜூலியன் லீவைக் கூட்டிப் போட்டுக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் நம் முற்றத்தில் வண்டிகள் நிற்க இடமில்லை, ஓபல் ஒரு அண்டா பீன்ஸும் பீச் பழம் வைத்துச் சுட்ட கோப்லர் பலகாரமும் கொண்டுவந்தாள், பொழுது சாய்வதற்குள் கொட்டகை எழுந்துவிட்டது. உன் ஆள் ஆணியை அடித்ததைவிடத் தன் கட்டைவிரலை அடித்ததுதான் அதிகம், நகம் கறுத்திருக்கிறது, நர்ஸம்மா நீயே பார்த்துக்கொள். "சார், இது சரியா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்க, உங்கப்பா ஏணிமேலிருந்து, "என்னடா எப்பப் பாத்தாலும் சார், நான் என்ன உன் ஆபீஸா? மாமான்னு கூப்பிடு" என்று கத்தினார். எல்லார் சுத்தியலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. மறுநாள் ஞாயிறு சபையில் தொப்பி உங்கப்பா மடியில் இருந்தது, நடு நாற்காலியில் ஜூலியன்.

பீன்ஸ் வெந்துவிட்டது, முடிக்கிறேன். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். அவனோடு மனஸ்தாபம் வந்தால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, உன் உடம்பிலும் உங்கப்பா ரத்தம்தான் ஓடுகிறது. நவம்பரில் வீட்டுக்கு வர லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, மறந்துவிடாதே. ஜெபத்தில் நான் கண் திறந்ததை அப்பாவிடம் மூச்சுவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை நல்லபடியாக வீடு சேர்ப்பாராக. உங்கப்பா பேனாவைப் பிடுங்குகிறார், என்ன எழுதப் போகிறாரோ.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா வெல்மா

கார்லின், கொட்டகைக் கதவு இடது பக்கம் இறங்கியிருக்கிறது. ஜூலியன் மாட்டியது. நான் அதைச் சரி செய்யப் போவதில்லை.
அப்பா