ஆராதனையில் வாசிக்கப்பட்ட பிழை

என் செல்ல அக்கா,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ கர்த்தரிடம் போய் இரண்டு வருடத்துக்குள் உன் மகளை நான் டொக்டராக்கிவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கே தெரியாமல்.

சிரிக்காதே. இல்லை, சிரி. நீ சிரித்தால் எனக்குக் கொஞ்சம் ஆறும். மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடக் கையையே வைத்துத் தைத்துவிட்டேன். இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தரம் எழும்பி வாசல் படலைவரை போய் வந்தாயிற்று. சபை மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள், ஆகையால் வாயை அடக்கித்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவளின் எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டியவள் உன் மகள் கீர்த்தி. அவளுக்கோ இதை இப்போது காட்ட முடியாது.

அக்கா, உன் மகள் படிப்பது மருத்துவ உடற்றொழிலியல். உயிரோடு இருக்கிற உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்கும் பட்டப்படிப்பு. நெஞ்சு எதனால் அடிக்கிறது, மூச்சு எப்படி உள்ளே போகிறது, பயந்தால் கை ஏன் வேர்க்கிறது, எல்லாம் அதில் இருக்கிறதாம். ஆனால் வருத்தக்காரருக்கு மருந்து எழுதும் படிப்பு அல்ல. மருத்துவ பீடம் இரண்டு தரமும் கொஞ்சத்தில் தவறிப்போக, இதற்கு இடம் கிடைத்தது. முதல் நாளே அவள் எனக்குப் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினாள். எனக்கு நன்றாக விளங்கியது.

விளங்கியும் என்ன செய்தேன் தெரியுமா? ஞாயிறு ஆராதனையில் நன்றிக் காணிக்கையோடு ஒரு துண்டு எழுதிக் கொடுப்போமே, அதில் ‘டொக்டருக்குப் படிக்கப் போகும் எங்கள் மகளுக்காக’ என்று எழுதிக் கொடுத்தேன். படிப்பின் பெயர் நீளம், துண்டு சின்னது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். துண்டின் மறுபக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. போதகர் ஐயா அதை வாசித்ததோடு விடவில்லை, ‘இந்தப் பிள்ளையின் கைகளால் நோயாளிகள் சுகமடைய வேண்டும்’ என்று உருகி ஜெபமும் செய்தார். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. நானும் அழுதேன். பொய் சொன்னவள் நான்தான் என்பது அந்த நேரம் மறந்துபோய்விட்டது.

அதோடு நின்றேனா? செய்முறை வகுப்புக்கு வெள்ளைக் கோட்டு வேண்டும் என்றாள். நானே தைத்துக் கொடுத்தேன், கொலர் வைத்து, மூன்று பை வைத்து. கிழமைக்கு ஒருதரம் தோய்த்தும் கொடுத்தேன்.

“சின்னம்மா, கோட்டை ஏன் றோட்டுப் பக்கமாக் காயப் போட்டிருக்கிறியள்?”

“அங்கைதான் பிள்ளை வெயில்.”

“பின் வளவிலை வெயில் இல்லையே?”

“பின் வளவிலை ஆக்கள் இல்லை.”

அவள் சிரித்தாள். அன்றைக்கு அது பகிடியாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் பின்னேரம் எங்கள் சபைச் செல்வமணி அன்ரி வந்தா. கையில் ஒரு பை நிறைய அங்கிளின் மருந்துக் குளிசைகள். கிளினிக் கொப்பியும் இருந்தது. கீர்த்தியின் மடியில் எல்லாவற்றையும் கொட்டினா.

“பிள்ளை, இதிலை எதை நிப்பாட்டலாம் எண்டு பாத்துச் சொல்லு. மனிசன் இவ்வளவையும் விழுங்கிப்போட்டுச் சோறு வேண்டாமாம்.”

“அன்ரி, நான் டொக்டருக்குப் படிக்கேல்லை. நான் இதைத் தொடவே கூடாது.”

செல்வமணி அன்ரி என்னைப் பார்த்தா. நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ என்றால் சொல்லியிருப்பாய். என் வாய் இருக்கிறதே, “அவளுக்கு அடக்கம் அன்ரி” என்று சொல்லிவிட்டது.

அன்ரி போன பிறகு கீர்த்தி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்: “நான் சும்மா ஒண்டைச் சொல்ல, அந்த அங்கிள் குளிசையை நிப்பாட்டி ஏதும் நடந்தா, ஆர் சின்னம்மா பொறுப்பு?”

அடுத்த நாள் அவள் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு சொன்னாள், இந்தப் படிப்பை விட்டுவிட்டு மருத்துவ பீடத்துக்காக மூன்றாம் தரம் உயர்தரப் பரீட்சை எழுதப் போகிறாளாம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. “ஊருக்கெல்லாம் டொக்டர் எண்டு சொல்லியாச்சு. இனி ஆகித்தானே காட்ட வேணும்?” விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. படிவத்தை நிரப்பி மேசையில் வைத்திருக்கிறாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. இன்று புதன்.

அவளுக்கு அந்தப் படிப்புப் பிடிக்காது என்றால் நானே பேனையை எடுத்துக் கொடுப்பேன். பிடிக்கும், அக்கா. முதல் தவணையில் ஒருநாள் வந்து, சாப்பிடாமலே, சிறுநீரகத்தைப் பற்றி எனக்குச் சொன்னாள். எங்கள் கிணற்றடியில் நிற்கும் தார்ப் பீப்பா தெரியும்தானே? ஒரு நாளில் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணீரை வடிக்குமாம். வடித்து, நல்லதையெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒரு சின்னக் கேத்தில் அளவைத்தான் வெளியே விடுமாம். வடி பழுதானால் முகம் ஏன் வீங்கும், மூச்சு ஏன் முட்டும் என்று படம் கீறிக் காட்டினாள்.

கிளினிக்கில் நீ ஒவ்வொரு தரமும் கேட்பாயே, “எனக்கு ஏன் இப்பிடிக் கால் வீங்குது?” என்று. பின்னால் அவ்வளவு சனம் நிற்கும்போது ஆர் இருந்து சொல்வது? அந்தக் கேள்விக்கு உன் மகள் என் தையல் கொப்பியின் பின் பக்கத்தில் பதில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்” என்றாள். உனக்கு இது கேட்டதா?

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை அறிவித்தல் நேரத்தில் நான் எழும்பினேன். கீர்த்தி கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். என் கால் ஆடியது. ஏன் ஆடுகிறது என்பதும் அவளுடைய படிப்பில் இருக்கும்.

“ஐயா, போன வருசம் நான் தந்த துண்டு பிழை. கீர்த்தி டொக்டருக்குப் படிக்கேல்லை. அவள் ஒருநாளும் அப்பிடிச் சொன்னதுமில்லை. சொன்னது முழுக்க நான். தயவுசெய்து அவளிட்டை ஒருத்தரும் குளிசை கொண்டுபோகாதேங்கோ.”

போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப பிள்ளை என்னம்மா படிக்குது?”

நான் தார்ப் பீப்பாவில் இருந்து தொடங்கினேன். கேத்தில் வரைக்கும் போய், அந்தக் கேத்திலுக்குள் இருப்பது என்ன என்பதையும் பீடத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். ஆண்கள் பக்கமிருந்து ஆரோ “ஆமென்” என்றார்கள்.

“அடக்கம் எண்டெல்லே எனக்குச் சொன்னனி?” என்று செல்வமணி அன்ரி இருந்த இடத்தில் இருந்தே கேட்டா.

“அது எனக்குத்தான் அன்ரி வேணும். இன்னும் கிடைக்கேல்லை.”

சனம் சிரித்தது. கீர்த்தி சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயம். வீட்டுக்கு வந்து “நான் சொன்னது போதுமே பிள்ளை?” என்று கேட்டேன். “ம்” என்றாள். அவ்வளவுதான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், ஒரு ‘ம்’. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? காலமை அந்தப் படிவத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணியை வைத்தேன். கொஞ்சம் தட்டிவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். கோப்பையை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டேன், அக்கா. இந்த முறை முடிவு அவளுடையதாக இருக்கட்டும்.

வியாழன், பின்னேரம். காலமை எழும்பிப் பார்க்கிறேன், கொடியில் கோட்டு இல்லை. பிள்ளையும் இல்லை. எங்கே போனாள் என்று ஒருவரையும் கேட்கவும் முடியவில்லை. நான் வாயைத் திறந்து பட்டது போதும். ஐந்து மணிக்கு வந்தாள். கையைக் கழுவினாள், புட்டைப் போட்டுக்கொண்டாள், பாதியில் கேட்டாள்:

“சின்னம்மா, நாளைக்கு உங்களுக்குத் தையல் வேலை கனக்க இருக்கே?”

“ஏன்?”

“எங்கடை வகுப்புக்கு, ஒரு வேலை செய்ய முந்தியும் பிந்தியும் நாடி எண்ணிப் பாக்க ஆள் வேணும். நடுத்தர வயசு ஆள்.”

“ஆரடி நடுத்தர வயசு?”

“சரி, வயசு போன ஆள்.”

நாளைக்கு வெள்ளிக்கிழமை, அக்கா. படிவம் மேசையில் அப்படியே கிடக்கிறது, அதன் மேல் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பை இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. குசினிக்குள் போய், அடுப்பு எரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

படித்து முடித்து அவள் எங்கே வேலைக்குப் போவாள், படிப்பிப்பாளா, ஆராய்ச்சி செய்வாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் இன்னும் தெரியாதாம். அந்த யோசனை எனக்கு இனி அவள் படித்து முடிக்கும்வரைக்கும் போதும். ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகள் என்ன படிக்கிறாள் என்று ஆர் கேட்டாலும், எவ்வளவு நீளமாக இருந்தாலும், முழுப் பெயரையும் சொல்வேன். ஒரு சொல் கூட்டமாட்டேன்.

வெள்ளி, இரவுச் சாப்பாட்டுக்கு முன். போய் வந்தாயிற்று. அவள் சொன்ன ‘வேலை’ நிலத்தோடு பூட்டிய, ஓடாத சைக்கிளை மிதிப்பது. ஏழு பிள்ளைகள் சுற்றி நிற்க ஐந்து நிமிடம் மிதித்தேன். “காணும் அம்மா, நிப்பாட்டுங்கோ” என்றார் விரிவுரையாளர். றோட்டில் நிறுத்துவதுபோல இடக் காலை ஊன்றுவதற்காகச் சரிந்தேன். சைக்கிள் சரியவில்லை. நான் விழுந்தேன். நாடியை முதலில் இருந்து எண்ண வேண்டியதாயிற்று.

உன் தங்கச்சி, உன் மகளின் சின்னம்மா,
தேவி