இடிந்துவிட்டதாக எழுதப்பட்ட வீட்டிற்குக் குடிநீர் கேட்டு

அனுப்புநர்
பூட்டு பழுதுபார்ப்பவர்,
கதவு எண் 14, மணிக்கூண்டுப் பின்தெரு.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நின்றுகொண்டிருக்கும் வீட்டை இடிந்ததாகப் பதிந்து குடிநீர் இணைப்பைத் துண்டித்தது – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெரு வீடுகள் நூறு வயதைத் தாண்டியவை. அவற்றில் பன்னிரண்டைத் தங்கள் அலுவலகம் ‘ஆபத்தான கட்டடங்கள்’ என்று படத்தோடு பட்டியலிட்டது. அதில் தவறில்லை. அப்போது என் வீட்டு மாடிப்படியில் நானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன்.

2. பழுதுபார்க்க உதவி கேட்டு நான்கு மனுக்கள் கொடுத்தோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. கூரைக்கு அவ்வளவு பொறுமை இல்லாததால் தெருவாசிகளே இறங்கினோம். என் மனைவியின் அண்ணன் கொத்தனார்; அவர் சொல்லிக்கொடுக்க, பேருந்து நடத்துநரும் எதிர்வீட்டுச் செவிலியரும் சுண்ணாம்பு குழைத்துச் சுவர் பூசினார்கள். நான் பன்னிரண்டு வீட்டுப் பூட்டுகளையும் சரிசெய்தேன். பதினோரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

3. சென்ற மாதம் தங்கள் உதவிப் பொறியாளர் இடிக்கும் ஆட்களோடு வந்தார். பட்டியலில் முதலாவது என் வீடு. படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் வீட்டுக் குழாயில்தான் பிடித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ‘படத்தில் உள்ள கட்டடம் இல்லை, ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டது’ என்று எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் அந்தக் குழாய் துண்டிக்கப்பட்டது. “நம்ம வேலை அவ்வளவு சுத்தமா இருக்கு மாப்ளே” என்று கொத்தனார் இன்றுவரை பூரித்துக்கொண்டிருக்கிறார்.

4. குடிநீர்ப் பிரிவு எழுத்தர் கனிவானவர். “இடிஞ்ச வீட்டுக்கு எப்படி சார் கனெக்‌ஷன் குடுக்கறது? கட்டிட்டு வாங்க” என்றார். கட்டிய வீட்டை மறுபடி கட்ட வேண்டுமானால் முதலில் இடித்தாக வேண்டும். கொத்தனார் அதற்கு ஒப்பமாட்டார்.

5. ஐயா, என் அக்கா இந்த வீட்டில் பிறந்தவர். கூரை ஒழுகத் தொடங்கியதும் மகன் வீட்டுக்குப் போய் நான்கு ஆண்டுகள் இருந்தார். குறையொன்றும் இல்லை என்பார். ஆனால் அங்கே ஒரு டம்ளரைக்கூடக் கேட்டுத்தான் எடுத்தாராம். வீடு தயார் என்ற என் பேச்சை நம்பிச் செவ்வாயன்று வந்துவிட்டார். செவிலியர் தரும் இரண்டு குடம் தண்ணீரில் எங்கள் பொழுது ஓடுகிறது. அதை வாங்கும்போதெல்லாம் அக்காவுக்குக் கூச்சம். “இதுக்கு அங்கயே இருந்திருக்கலாம் தம்பி” என்று ஒருமுறைதான் சொன்னார். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

6. ஆகவே தாங்கள் நேரில் வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, வீடு இருப்பதாக ஒரு வரி எழுதி இணைப்பை மீண்டும் தர வேண்டுகிறேன். ஞாயிறு காலைப் பேருந்தில் தனக்கு இடம் பதியச் சொல்லியிருக்கிறார் அக்கா. பேருந்து நிறைந்துவிட்டதாகப் பொய் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் தண்ணீர் வந்தால், அந்த ஒரு பொய்யோடு நிறுத்திக்கொள்வேன்.

தேதி: 9, வியாழக்கிழமை
இடம்: மேற்படி வீட்டின் முன்னறை

இப்படிக்கு,
மேற்படி வீட்டில் குடியிருப்பவன்
(கையொப்பம்)