மாமாவுக்காக நான் சொன்ன சாட்சி

என் தங்க நைனா,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பயந்திருப்பது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. ஆனால் முதலில் நல்ல செய்தி. சேகர் மாமா இன்று விடுதலையாகிவிட்டார். இதோ, பக்கத்தில் குறட்டை விடுகிறார்.

பெருநகர் கிராமத்தில் ஒரு வீட்டில் பட்டப்பகலில் நகை போனது. வழக்கம்போல நம் இருளர் குடியிருப்புக்குத்தான் போலீஸ் ஜீப் வந்தது. என் கண்ணெதிரே மாமாவை அடித்து ஏற்றினார்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினார்கள், உன்னிடம் வாங்கியதுபோலவே. உனக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை, இல்லையா?

நகை போன நேரத்தில் மாமா எங்கள் பள்ளிக்கூடத்தில், சத்துணவு அரிசி மூட்டைக்குப் பின்னால் புகுந்த நல்லபாம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாக்கை விரித்துப் பிடித்தவள் நான். டீச்சர்கள் கோர்ட்டுக்கு வரத் தயங்கினார்கள். நான் போனேன்.

உத்திரமேரூர் கோர்ட்டில் போன மாதம் என் பேரைக் கூப்பிட்டார்கள். நடுக்கத்தில், வகுப்பில் சொல்வதுபோல "உள்ளேன் ஐயா" என்று கத்திவிட்டேன். ஜட்ஜம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அரசு வக்கீல் கேட்டார்: "பாம்பப் பாத்தா எல்லாரும் ஓடுவாங்க. நீ ஏம்மா ஓடல?"

"பாம்புக்கு இன்னாத்துக்கு சார் ஓடணும்? ஜீப்பு வந்தாதான் ஓடுவோம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இன்று தீர்ப்பு வந்ததும் மாமா, "இன்னாடி வக்கீலம்மா, உன் வாய்க்கு அந்தப் பாம்பே தேவலாம்" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். டீக்கடையில் சுடச்சுட பஜ்ஜி தின்றோம், நைனா. பஸ் வரும்வரை அம்மா மாமாவின் கையை விடவேயில்லை.

பயம் எதற்கென்றால், மாமாவை அடித்த ஏட்டு இன்று கோர்ட் வாசலில் என் கிட்டே வந்து, "நல்லா பேசிக்கினு கீற. எந்த பஸ்ல ஸ்கூலுக்குப் போற?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா கவனிக்கவில்லை. அடித்ததற்கு அவர்மேல் புகார் கொடுக்கலாம், அதற்கும் நான் சாட்சி சொல்லவேண்டும் என்கிறார் எங்கள் வக்கீல். மாமா, "உட்டுடு கண்ணு, நான்தான் வூட்டுக்கு வந்துட்டேனே" என்கிறார்.

நீ உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அடுத்த ஜீப் யாருக்கு வரும்?

விடிந்ததும் ஏட்டு கேட்டதை அம்மாவிடம் சொல்லிவிடுவேன். பிறகு வக்கீலிடம் போய், சாட்சி சொல்ல வருகிறேன் என்பேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம், நைனா.

சேகர் மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்த
உன் மூத்த பெண்,
செல்வி